உறவு என்ற கட்டம்

“தம்பின்னு எழுதிடேன். யாரு வந்து பார்க்கப் போறா?” என்றாள் மடிப்பு மேசை அக்கா, ஒரு படுக்கை விரிப்பை உதறியபடி.

“எனக்கு ஊர்ல நிஜமாவே தம்பி இருக்கான்க்கா. குத்துக்கல்லு மாதிரி இருக்கிறவன எதுக்குச் சாகடிக்கணும்?”

“அப்ப பெரியப்பான்னு போடு. லீவுக்குன்னே சாகுற பெரியப்பா எல்லார் வீட்டுலயும் ஒருத்தர் இருப்பாரு.”

“செத்தது பட்டன். பட்டன்னுதான் எழுதுவேன்.”

அந்த ஓட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுபவள் அவள். துக்க விடுப்புப் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: இறந்தவர் பெயர், உறவு. முதல் கட்டத்தில் ‘பட்டன்’ என்று எழுதினாள். இரண்டாவதில் ‘நான் வளர்த்த கினிப்பன்றி’ என்று எழுதினாள். இடம் போதாமல் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டியது.

எட்டிப் பார்த்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“இதயா சூப்பர்வைசர்கிட்ட நீட்டப் போறே? போன வருஷம் அவரு சித்தப்பா செத்து மூணு நாள் லீவு போட்டாரு. நீ அப்ப இங்க சேரல. திரும்பி வந்தப்ப கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருந்துச்சு. தினம் சாயங்காலம் சித்தப்பாவோடதான் நடக்கப் போவாராம். அதுக்கப்புறம் அந்த நடையவே விட்டுட்டாரு. நாங்க எல்லாம் வரிசையில நின்னு துக்கம் விசாரிச்சோம். அந்த மனுஷன்கிட்ட போய் பன்னி செத்துடுச்சுன்னு சொன்னா...”

“பன்னி இல்லக்கா.”

“என்ன எழவோ.”

அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு, கோடியில் இருந்த கண்ணாடி அறைக்குள் போனாள்.

சூப்பர்வைசர் இரண்டு முறை படித்தார்.

“பட்டன். இது என்ன பேரு?”

“கண்ணு ரெண்டும் கறுப்பு பட்டன் மாதிரி இருக்கும் சார்.”

“வாடகை ரூம்ல பன்னியா வளர்த்தே?”

“பேருலதான் பன்னி. என் ரெண்டு கைக்குள்ள அடங்கிடும்.”

“அப்ப எலி.”

“எலிக்கு வால் இருக்கும் சார். இதுக்கு வாலே கிடையாது.”

வெளியே இஸ்திரி மேசைகளில் கைகள் நின்றிருந்தன. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“கடைசியில ஏதாவது சாப்பிட்டுச்சா?” என்றார் அவர் திடீரென்று.

சோதிக்கிறாரா, கிண்டலா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் சொன்னாள். “ரெண்டு நாளா சாப்பிடல சார். வெள்ளரிக்காய மூக்குகிட்ட வச்சாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நேத்து ஊசிக் குழாயில தண்ணி கொடுத்தேன். ஒரு வாய் குடிச்சுது.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“வயசாயிடுச்சுன்னாரு.”

“எத்தனை வயசு?”

“ஆறு.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

“வீட்டுல வேற யாரு இருக்கா?”

“யாரும் இல்ல சார். வாசல்ல சாவிச் சத்தம் கேட்டா உள்ளேருந்து விசில் அடிக்கும். இந்த ஊர்ல எனக்காகக் காத்துக்கிட்டிருந்தது அது ஒண்ணுதான்.”

“சரி. லீவு நாள்ல புதைச்சா ஆகாதா?”

“கீழ் வீட்டுக்காரங்க பின்பக்கம் ஒரு மூலை கொடுத்திருக்காங்க. நாளைக்குக் காலையில அங்க முழுசும் சிமெண்டு பூசிடுவாங்க. செருப்புப் பெட்டியில வச்சுட்டு வந்திருக்கேன். இன்னைக்கு விட்டா குப்பைத் தொட்டிதான். குப்பையில போட மாட்டேன் சார்.”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

“மேல ஆபீஸ்ல இத ஒத்துக்க மாட்டாங்கம்மா. உறவுன்னா அவங்களுக்கு மனுஷங்கதான். தம்பி, மாமான்னு ஏதாவது எழுதிக் கொடு. கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடறேன்.”

அவள் அதைத் தொடவில்லை.

“மன்னிச்சுக்குங்க சார். ஆறு வருஷம் பட்டன்னு கூப்பிட்டேன். செத்த அன்னைக்கு அதுக்கு வேற பேரு வைக்க மாட்டேன். வேலைய விட்டு எடுத்தாலும் பரவாயில்ல, ரெண்டு மணிக்கு நான் கிளம்பிடுவேன்.”

அவர் வெற்றுப் படிவத்தை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பேனாவை எடுத்தார். எழுதியதை அடித்துவிடப் போகிறார் என்று நினைத்தாள். அவளுடைய காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

“மேல நான் பேசிக்கிறேன். ஒரு முழமாவது தோண்டு. இல்லேன்னா ராத்திரியே பூனை கிளறிடும்.”

“சரி சார்.”

கதவு வரை போனவள் நின்றாள். இவ்வளவு செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போவது சரியாகப் படவில்லை.

“உங்க சித்தப்பா தவறிட்டாருன்னு அக்கா சொன்னாங்க சார். நான் அப்ப இங்க இல்ல. பேருகூடத் தெரியாது.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே பார்த்தார். எல்லோரும் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்.

“இங்க எல்லாரும் துக்கம் விசாரிச்சாங்க. பேரு என்னன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் சொல்லல. உன்ன மாதிரி உள்ளத உள்ளபடி எழுத எனக்கு அன்னைக்குத் துணிச்சல் இல்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பேரு சிப்பாய். பதினோரு வருஷம் என்கூட இருந்தான். எங்க சித்தப்பாவுக்கு வால் இருந்துச்சும்மா.”