மருதமலைக்கு மூணு பேர்

திட்டம் பிரவீனாவுடையது. பொய் கவினுடையது.

கோயமுத்தூரில் ஒரே ஒரு ராத்திரி. மொட்டை மாடியில் நீச்சல் குளம் இருக்கிற ஓட்டலில் ரூம், நைட் ஷோ, படம் முடிந்து ரோட்டோரத்தில் சுடச்சுடக் காளான். மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூக்கம். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இந்தக் கோழிப்பண்ணை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவள் கோழிகளோடு சேர்ந்துதான் விழித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அந்த வீட்டில் வெளியூரில் ராத்தங்க மூன்றே காரணங்கள்தான் செல்லும். கல்யாணம், சாவு, சாமி. முதல் இரண்டும் கைவசம் இல்லாததால் கவின் சாமியைப் பிடித்தான்.

"மருதமலைக்குப் போய்ட்டு வரலாம்னு இருக்கோமுங்கப்பா."

போனில் முட்டை விலை பார்த்துக்கொண்டிருந்த அப்பா மருதாசலம் தலையைத் தூக்கினார். அந்த மலை முருகனின் பெயரையே வைத்திருக்கிற மனுசன், எப்படி மறுப்பார் என்பது கவினின் கணக்கு.

"போய்ட்டு வாங்க. அதுக்கு எதுக்கு ராத்தங்கணும்? நேரமே கெளம்புனா பொழுதோட ஊடு வந்தரலாமே."

கவின் பிரவீனாவைப் பார்த்தான். பிரவீனா சாம்பாரைப் பார்த்தாள்.

"சின்னஞ்சிறுசுக தனியாப் போயி வெளியூர்ல ராத்தங்கறதெல்லாம் வேண்டாம்" என்றார் அவர், பேச்சு முடிந்தது என்கிற குரலில்.

அப்போதுதான் தோசைக் கரண்டியோடு வந்தாள் மாமியார் சென்னியம்மாள்.

"நானும் கூடப் போறனுங்க. ராத்தங்கி, விடியால அபிசேகம் பாத்துப்போட்டு வந்தர்றோம்."

"அப்படின்னா செரி" என்று அவர் முட்டை விலைக்குத் திரும்பிவிட்டார்.

அறைக்குள் வந்ததும் பிரவீனா தலையணையால் புருஷனை நாலு சாத்து சாத்தினாள்.

"வேற பொய்யே கெடைக்கலீங்களா? பல்லு வலின்னு சொல்லியிருக்கலாமில்ல."

"பல்லு வலிக்கு ராத்தங்க எங்கப்பன் உட்டுருவாராக்கும்?"

சரி, மாமியாரைக் கழற்றிவிடும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். மாவாட்டும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"அத்தை, அங்க ரூமெல்லாம் ஏசி. உங்களுக்குக் குளிரு ஆகாதுங்களே."

"கம்பளி எடுத்துக்கறேன் சாமி."

"சாப்பாடு வேற ஒரே காரமா இருக்குமுங்க."

"கட்டுச்சோறு கட்டிக்கலாம்."

"ரூம் ஒண்ணுதான் போட்டிருக்குதுங்க அத்தை."

"அதுக்கென்ன, கவினு கீழ படுத்துக்குவான்."

பிரவீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே, கவின் கீழே கம்பளி விரித்துப் படுத்திருப்பதை நினைத்துச் சிரிப்பும் வந்து தொலைத்தது.

கிளம்புகிற அன்று சென்னியம்மாள் எல்லோருக்கும் முந்தித் தயாராகிவிட்டாள். இளம்பிள்ளை ஊர்த் தறியில் நெய்த பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கட்டுச்சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பிரவீனா பின்சீட்டில் கம்பளி மூட்டையோடு உட்கார்ந்தாள்.

"பத்திரமாக் கூட்டிப் போ" என்று மாமனார் கேட் வரைக்கும் வந்து மனைவியிடம் சொன்னார்.

"நான் இருக்கறனல்லங்க" என்றாள் அவள்.

கார் நாமக்கல்லைத் தாண்டியதும் மாமியாருக்கு ஒரே குஷி. பாட்டுப் போடச் சொன்னாள். அப்புறம் சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். தாளம் வேறு போட்டாள்.

பின்சீட்டில் பிரவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு ராத்திரி கேட்டோம், அதையும் நமக்கென்று விட இந்த அம்மாவுக்கு மனசில்லையே என்று உள்ளுக்குள் குமைந்தாள். கண்ணாடியில் கவினை முறைத்தாள். அவன் ரோட்டைப் பார்க்கிற மாதிரி நடித்தான்.

திருச்செங்கோடு வந்தது. "அந்தச் சந்துக்குள்ள திருப்பு கவினு" என்றாள் சென்னியம்மாள்.

"இங்க எதுக்குங்கம்மா?"

"திருப்புன்னா திருப்பு சாமி."

ஒரு பச்சைக் கேட் முன்னால் காரை நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். கம்பளியை எடுத்துக்கொண்டாள், தூக்கை எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டுப் பின்சீட்டு ஜன்னல் பக்கம் வந்தாள்.

"இது சித்ரா ஊடு, எங்கூடப் படிச்சவ. இன்னைக்கு ராத்திரி பூரா நாங்க பேசறதுக்கு இருக்குது. நாளைக்கு வாரப்ப என்னை இங்கயே ஏத்திக்குங்க. விடியால அவசரமா எந்திரிக்க வேண்டாம். உங்க மாமா போன் பண்ணுனா நான் பாத்துக்கறேன்."

பிரவீனா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "அத்தை, அப்ப அபிசேகம்?" என்றாள் அசடு வழிய.

"அந்தச் சாமி எங்கயும் போயராது. ஏங்கண்ணு, கவினு உங்க மாமாகிட்டக் கேக்கறதுக்கு முந்துன நாளே நீ பாட்டுப் பாடிக்கிட்டே இட்லி ஊத்துன. மருதமலைக்குப் போறதுக்கு யாராச்சும் அப்படி இட்லி ஊத்துவாங்களா? எந்திரிச்சு முன்னால போய் உக்காரு."

பிரவீனா இறங்கினாள். காலையிலிருந்து மனசுக்குள் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து முகம் சுட்டது. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்காகத்தான் கூட வாரேன்னு சொன்னீங்களா அத்தை?"

சென்னியம்மாள் சிரித்தாள்.

"எனக்குக் கல்யாணமான புதுசுல, பழனிக்குன்னு பொய் சொல்லிப்போட்டு உங்க மாமாவும் நானும் ஊட்டிக்குக் கெளம்புனோம். என்ற மாமியாரும் கூட வாரேன்னு ஏறிக்கிட்டாங்க."

கேட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"பழனி வரைக்கும் அவங்க எங்கயுமே எறங்கல சாமி."