சாம்பல் வட்டம்

"கத்தாதீங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க."

"நானா கத்துறேன்? உன் டப்பாதான் கத்துது. முதல்ல அதோட வாயை மூடு."

"நீங்க அசையாம கிடந்தா அது என்ன…"

"அசையாம கிடக்கத்தானே வர்றேன்! தாவித் தாவி நீந்துற வயசா எனக்கு?"

நீச்சல் குளத்தின் விளிம்பில் மகள் நின்றிருந்தாள். முதுகில் 'உயிர்காப்பாளர்' என்று அச்சடித்த சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா நெஞ்சளவுத் தண்ணீரில் இடுப்பில் கை வைத்தபடி முறைத்தார்.

சற்று முன்புதான் அவரைக் காப்பாற்றியிருந்தாள்.

இந்த வாரத்தில் இது எத்தனையாவது தடவை என்று அவள் எண்ணவில்லை. அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"உயிரோட இருக்கிறவனை இன்னும் எத்தனை தடவைம்மா காப்பாத்துவ?"

ஆழமில்லாத பக்கம் தண்ணீரில் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

புதுக் கருவி போன மாதம்தான் வந்தது. கூரையில் கேமரா, தண்ணீருக்கடியில் கேமரா. குளத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆளைச் சுற்றியும் திரையில் ஒரு பச்சை வட்டம். ஆள் அசையாமல் போனால் மஞ்சள். அப்போதும் அசையாவிட்டால் சிவப்பு, கூடவே சைரன்.

வந்த சில நாட்களிலேயே, மூலையில் சத்தமே இல்லாமல் அடிக்குப் போய்விட்ட ஒரு கல்லூரிப் பெண்ணை அது காட்டியது. கைக்கெட்டும் தூரத்தில் நீந்தியவர்களுக்கே தெரியவில்லை. மகள்தான் குதித்துத் தூக்கினாள். அந்தப் பெண் இருமி இருமித் தண்ணீரைக் கக்கியதைப் பார்த்த பிறகு, அந்தத் திரையின் மேல் அவளுக்குத் தனி மரியாதை.

அப்பாவுக்குத்தான் அதைக் கண்டாலே ஆகாது.

அவர் தண்ணீரில் செய்வது ஒன்றே ஒன்று. மல்லாந்து படுப்பார். கை விரித்து, கண் மூடி, காது இரண்டும் தண்ணீருக்குள் அமிழ, மரக்கட்டை மாதிரி மிதப்பார். காலமெல்லாம் லாரி ஓட்டியவர். ஹாரன் கேட்காத இடம் உலகத்தில் இது ஒன்றுதான் என்பார்.

அம்மா இருந்தவரை இதே விளிம்பில் உட்கார்ந்துதான் அவரைத் திட்டுவாள். தண்ணீர் தடுத்தாலும் அம்மாவின் குரல் போய்ச் சேர்ந்துவிடும். அவர் வாயைத் திறக்கமாட்டார். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வலது கால் கட்டை விரலை மட்டும் ஆட்டுவார். கேட்டேன், சரி என்று அர்த்தம்.

"என்னை மட்டும் அந்த டப்பாவிலேர்ந்து எடுத்துடு."

"அப்படியெல்லாம் எடுக்க முடியாது."

"ஏன் முடியாது? பந்து, பொம்மையெல்லாம் மிதந்தா ஏதோ பட்டனை அமுக்குறீங்களே. நான் பாக்கலைன்னு நினைச்சியா?"

"பந்தும் நீங்களும் ஒண்ணா?"

"பந்துக்கு இருக்கிற நிம்மதிகூட எனக்கு இல்லையே! அமுக்கு. இல்லேன்னா நாளையிலேர்ந்து நான் வரல. வீட்டுலயே கிடக்குறேன்."

வீட்டில் கிடப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அணைத்து வைத்த டிவிக்கு எதிரே, கதவைப் பூட்டிக்கொண்டு, வேட்டி மாற்றாமல். அம்மா போனபின் அவர் செருப்பைத் தேடி மாட்டுவது இந்தக் குளத்துக்கு வரத்தான்.

திரை இருந்த மேசைக்குப் போனாள். அவருடைய வட்டத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். பச்சை போய்ச் சாம்பல் நிறமானது. சாம்பல் என்றால் பொருள். கருவி அதைப் பார்க்காது.

"ஆச்சா?"

"ஆச்சு. சந்தோஷமா?"

"இப்பதான் நீ என் பொண்ணு."

மல்லாந்தார். காது தண்ணீருக்குள் போனது.

அவள் திரும்பி வந்து தன் உயரமான காவல் நாற்காலியில் ஏறி அமர்ந்தாள். பள்ளிப் பிள்ளைகள் கூச்சலோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் கண்ணை வைத்தபடியே பேச ஆரம்பித்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைத் தண்ணீருக்குள் இருக்கும் காதிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

"எங்க வீட்டுல அந்தச் சின்ன ரூமை உங்களுக்காகக் காலி பண்ணியாச்சுப்பா. உங்க மாப்பிள்ளையே பெயின்ட் அடிச்சாரு. ஜன்னல் ரோட்டுப் பக்கம் இல்ல. ஹாரன் கேக்காது."

ஒரு பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தது. எழுந்தது. பச்சை.

"மாப்பிள்ளை வீட்டுச் சோறுன்னு கௌரவம் பாக்காதீங்க. அது என் வீடும்தான். அரிசி நானும்தான் வாங்குறேன்."

பிள்ளைகள் கிளப்பிய அலையில் அப்பா மெல்ல நகர்ந்துபோய்த் தடுப்புக் கயிற்றில் தலை இடித்து நின்றார். கயிறு இடித்தால் கையால் தள்ளிவிட்டு, கட்டினவனையும் சேர்த்து ஒரு வசவு வைப்பது அவர் வழக்கம். இன்று கையும் அசையவில்லை, வசவும் இல்லை.

இன்னும் கோபம் என்று நினைத்தாள். அம்மாவிடமும் இப்படித்தான், முதலில் கொஞ்சம் விறைத்துக்கொள்வார்.

"தனியா கிடந்து ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குப்பா தெரியும்? பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைச்சுப் பாக்கணுமா?"

திரையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பச்சை, பச்சை, பச்சை. கயிற்றோரமாக ஒரு சாம்பல்.

எல்லாம் சரியாக இருந்தது. சைரன் சத்தம் இல்லாமல் குளம் அவர் கேட்டபடியே இருந்தது.

நாற்காலியிலிருந்து இறங்கி, அம்மா உட்காரும் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டாள்.

"சரி, பேச வேணாம். வர்றேன்னா அந்தக் கட்டை விரலை மட்டும் ஆட்டுங்கப்பா."