ஒட்டு வண்டி

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த மெக்கானிக்கின் கண்ணுக்கு இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன. பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ, பக்கத்தில் நீல வார் வைத்த செருப்பு. செருப்பு ஷூவை நோக்கி இன்னும் கொஞ்சம் நகர்ந்தபோது இவனுக்கு வயிறு எரிந்தது.

"என்னங்க, வெயில்ல நிக்காதீங்க. அப்புறம் தலைவலின்னு படுத்துப்பீங்க" என்றாள் அவள்.

ஒரு காலத்தில் இவனுடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து சுற்றியவள். இன்றைக்கு வந்து இறங்கியதும், "மெக்கானிக், கொஞ்சம் நல்லா பாருங்க" என்று யாரோ ஒருவனிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவன் யாரென்று புருஷனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் அந்த மனிதர் இப்படி வாய்க்கு வாய் 'அண்ணே' போடுவாரா?

"எங்க குடும்பத்துக்கு இதுதாண்ணே முதல் வண்டி" என்று காலையில் போனிலேயே சொல்லியிருந்தார். "புதுசுக்குக் கை எட்டல. பழசுன்னாலும் பரவால்ல, நடுவழியில நின்னு மானத்தை வாங்காம இருந்தாப் போதும்." அந்தக் குரலில் இருந்த சந்தோஷம்கூட இவனுக்குப் பிடிக்கவில்லை.

புரோக்கரின் கொட்டகையில் விலைக்கு நின்றவை இரண்டு. ஒன்று சிவப்பு, இப்போதுதான் ஷோரூமிலிருந்து வந்ததுபோலப் பளிச்சென்று இருந்தது. இன்னொன்று சாம்பல் நிறம், கதவில் ஒரு நெளிவு, பம்பரில் கீறல். புருஷனுக்குச் சிவப்பின் மேலேயே கண்.

"ஒரே ஓனர் சார். வாரத்துக்கு ஒரு தடவதான் வெளிய எடுப்பாரு" என்று புரோக்கர் அளந்துகொண்டிருந்தான்.

மெக்கானிக் சிவப்பு வண்டியின் அடியில் டார்ச்சை அடித்துப் பார்த்தான். அடித்தகட்டில் ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெல்டிங் தழும்பு. அடிபட்ட இரண்டு வண்டிகளை வெட்டி, ஒன்றின் முன்பாதியையும் மற்றதன் பின்பாதியையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டு சரியாகப் பின்சீட்டுக்குக் கீழே ஓடியது.

இவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். ஆறு மாதத்தில் கதவு மூட மறுக்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். நடுரோட்டில் இந்த ஷூ மூச்சுவாங்கத் தள்ளும், நீலச் செருப்பு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும். நினைக்கவே இனித்தது.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். "நல்ல வண்டிதான் சார். தைரியமா எடுங்க."

புரோக்கருக்கு வாயெல்லாம் பல். புருஷன் தான் சுமந்து வந்திருந்த பெரிய பையைத் திறந்து, குழந்தைகளை உட்காரவைக்கும் சின்ன இருக்கை ஒன்றை வெளியே எடுத்தார். உறையில் வாத்துப் படங்கள்.

"வண்டிக்கு முன்னாடி இதை வாங்கிட்டேண்ணே" என்று வெட்கத்தோடு சிரித்தார். "பாப்பாவுக்கு. நடுவுல வைக்கலாமா?"

"வேணாம் சார், ஜன்னலோரம் வைங்க. இல்லாட்டி வாந்தி எடுப்பா." சொன்ன வேகத்தில், "சின்னப் பிள்ளைங்கன்னா அப்படித்தான்" என்று சேர்த்துக்கொண்டான்.

அவர் அதை ஜன்னலோரம் வைத்து பெல்ட்டை மாட்டினார். அசைகிறதா என்று இழுத்துப் பார்த்தார். திருப்தியில்லாமல் கழற்றி, மறுபடி மாட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். அவளும் குனிந்து ஒரு கை கொடுத்தாள். இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளும் நெருக்கத்தில் இருந்தன. இவனால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர்கள் கைகளுக்கு ஒரு சாண் கீழே அந்த ஒட்டு இருந்தது.

"சார், எடுங்க அதை."

"என்னண்ணே?"

"எடுங்கன்னா எடுங்க! இந்த வண்டி வேணாம். ரெண்டு வண்டிய ஒட்ட வச்சது இது. பின்னாடி எவனாவது இடிச்சா அப்பளமா நொறுங்கிடும்."

புரோக்கர் எகிறினான். "யோவ், இப்பத்தானே நல்ல வண்டின்னே?"

"பொய் சொன்னேன்யா."

மெக்கானிக் நேராகச் சாம்பல் வண்டியின் அடியில் போய்ப் படுத்தான். ஒரு மணி நேரம் தட்டினான், திருகினான், எண்ணெயைத் தொட்டு முகர்ந்தான். இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தான்.

"பாக்க லட்சணமா இல்ல. ஆனா உழைக்கும் சார். பிரேக் மட்டும் நாளைக்கு நானே வந்து மாத்தித் தர்றேன், காசு வேணாம்."

பேரம் முடிந்தது. அவள் முதல்முறையாக இவனை நேருக்கு நேர் பார்த்தாள். பிறகு புரோக்கரோடு கையெழுத்துப் போட உள்ளே போய்விட்டாள்.

மெக்கானிக் கருவிகளை அடுக்கத் தொடங்கினான். "சார், முதல்ல ஏன் பொய் சொன்னேன்னு கேக்க மாட்டீங்களா?"

"எதுக்குண்ணே? நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்."

கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். "தெரிஞ்சுமா என்னைக் கூப்பிட்டீங்க?"

"அவ வேற ஆளைப் பாக்கலாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல." அவர் இருக்கையின் உறையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார்.

"பெத்த பொண்ணு உக்காரப்போற வண்டிக்கு, எந்த அப்பனாலண்ணே கடைசி வரைக்கும் பொய் சொல்ல முடியும்?"