உண்ணி மேல் ஒரு புகார்

பேசும் கழுத்துப்பட்டை வந்த பிறகு நாய்களே அதன் வழியாகப் போலீசில் புகார் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. தன் நாய் பஜ்ஜி நொண்டி நொண்டி நடந்ததால் பூபதி அதை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"லைம் நோய்ங்க. உண்ணி கடிச்சு வந்திருக்கு. மாத்திரையில சரியாயிடும்" என்றார் அவர்.

நிம்மதியாக வீடு திரும்பினால், பக்கத்து வீட்டு வாசலில் போலீஸ் ஜீப். மலையாளி உண்ணி சாரின் வாயில் நாய்க்கு மாட்டும் வாய்க்கூடு!

"உண்ணி கடிச்சிட்டதா உங்க நாய் புகார் குடுத்திருக்குங்க" என்றார் ஏட்டு.

"ஐயோ, அந்த உண்ணி பூச்சிங்க!" பூபதி தலையில் அடித்துக்கொண்டான். "பஜ்ஜி, நீயே சொல்லுடா!"

பஜ்ஜி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கழுத்துப்பட்டை மட்டும் பேசியது.

"பூச்சின்னு எனக்கும் தெரியும். நேத்து பிஸ்கட்டைக் காட்டிட்டு இந்த உண்ணி சாரே தின்னுட்டாரு."