கடைசிக்குத் தள்ளிய வேலை

“ஒரு கையைப் பாக்கெட்டுல விடு.”

“விட்டாச்சு.”

“அது திருப்புளி வைக்கிற பாக்கெட். என் கோட்டை மாட்டிக்கிட்டா மட்டும் மெக்கானிக் ஆயிட முடியுமா?”

அவள் சிரித்தபடி கையை மாற்றிக்கொண்டாள். “நீங்க மட்டும் அன்னிக்கு ரெண்டு கையையும் பெட்டிக்குள்ள விட்டீங்களே?”

“அதனாலதான் சொல்றேன்.”

மேசையில் பழைய வால்வ் ஆம்ப்ளிஃபயர் கவிழ்ந்து கிடந்தது. எதிரே ஸ்டூலில் கணவன். அவனுக்கு வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது.

வால்யூம் குமிழில் ஸ்ப்ரே அடித்து, திருப்பித் திருப்பிக் கரகரப்பை எடுத்தாயிற்று. வால்வ் கால்களைத் துடைத்தாயிற்று. இற்றுப்போன ஒயரையும் மாற்றியாயிற்று.

“முதல்ல செய்ய வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிட்டியே,” என்றான் அவன். “கண்டன்சரைக் காலி பண்ணு.”

கட்டைவிரல் பருமனில் மூலையில் நின்றது அது. பிளக்கைப் பிடுங்கினாலும் கரண்டை விடாமல் பிடித்துவைத்திருக்கும் தகர டப்பா.

“நாளைக்குப் பண்றேனே.”

“தினமும் இதையேதான் சொல்றே.”

“அப்போ நீங்களே பண்ணுங்க.”

“என்னால முடிஞ்சா உன்கிட்ட ஏன் கெஞ்சறேன்?”

கதவு மணி கிணுகிணுத்தது. ஆம்ப்ளிஃபயரின் சொந்தக்காரரான கிட்டார் வாத்தியார், வாசலிலேயே தயங்கி நின்றார்.

“கேக்கவே சங்கடமா இருக்கும்மா. சாயந்திரம் கச்சேரி...”

“இன்னும் முடியலைங்க.”

“பரவால்ல, அப்படியே குடுங்க. மிச்சத்தை என் பொண்ணு பார்த்துப்பா. பத்து வயசுதான், வீட்டுல அவ மூடியைத் திறந்து விரலை விடாத பெட்டியே கிடையாது!”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“இப்பவாவது கேளும்மா,” என்றான் ஸ்டூலில் இருந்தவன், மெதுவாக.

“அஞ்சு நிமிஷம் வெளியில உக்காருங்க,” என்று வாத்தியாரை அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

கண்டன்சரில் மீட்டரை மாட்டினாள். முந்நூற்றிருபது வோல்ட். கரண்டை மெல்ல வடியவிடும் ரெசிஸ்டர் கோர்த்த ஒயரின் ஒரு முனையை இரும்புச் சட்டத்தில் கவ்வவிட்டாள். மறுமுனையைக் கண்டன்சரில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“யோசிக்காதே. வெச்சுட்டு, அளவைச் சத்தமா வாசி. நான் சரி சொல்றேன்.”

வைத்தாள்.

“முந்நூறு.”

“சரி.”

“இருநூறு.”

“சரி.”

“போதும், எடுத்துடட்டுமா?”

“சின்னப் பொண்ணுடி அது. வாசி.”

“நூறு.”

“சரி.” பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது குரல்.

“இருபது.”

அவன் உதடு மட்டும் அசைந்தது.

அவள் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பூஜ்யம்.”

சரி என்று சொல்ல ஸ்டூலில் யாரும் இல்லை. பதினோரு நாளுக்கு முன்னால் அவனைக் கொன்றதுபோக மிச்சமிருந்த கரண்ட், இப்போதுதான் முழுசாகத் தீர்ந்திருந்தது.