இரண்டாவது பிள்ளை

“முன்வரிசையில உனக்கும் சீட்டு போட்டிருக்காங்கடா. அம்மாவே போன் பண்ணிச் சொன்னாங்களாம்” என்று அக்கா சொன்னதிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

இருவரும் இரட்டைப் பிள்ளைகள். சில நிமிடம் முந்திக்கொண்டு பிறந்த அக்கா, இப்போது அம்மாவைப் போலவே கல்லூரியில் உயிரியல் நடத்துகிறாள். அவன் லிப்ட் மெக்கானிக். நக இடுக்கில் இருந்த கிரீஸைக் காலையில் தேய் தேய் என்று தேய்த்துவிட்டு வந்திருந்தான்.

மேடையில் அம்மாவுக்குப் பாராட்டு விழா. பரிணாமத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று அம்மா எழுதிய ஒரு கட்டுரையை, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். அதைத் தொடாமல் இந்தத் துறையில் யாரும் பேனாவையே திறக்க முடியாது என்று துறைத்தலைவர் மூச்சு விடாமல் புகழ்ந்துகொண்டிருந்தார்.

அவன் அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. அது எழுதப்பட்ட காலம் மட்டும் நினைவிருக்கிறது. சனிக்கிழமையானால் தவளையும் மீனும் காட்டிப் பாடம் சொல்ல அம்மா அக்காவை மட்டும் குளக்கரைக்குக் கூட்டிப்போவாள். “நானும் வரேம்மா” என்று அவன் அடம்பிடித்தால், “உனக்கு இதெல்லாம் வேணாம்டா கண்ணு” என்று கார்ட்டூனைப் போட்டு உட்காரவைத்துவிடுவாள்.

தன் மண்டையில் ஏறாது என்று பெற்றவளுக்கே தெரிந்துவிட்டது, அதுதான் காரணம் என்று அவன் நினைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அறிவியல் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்துக்காக அம்மாவை அவன் கோயில் கட்டிக் கும்பிடுவான். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரிடமும் அவள் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

“பாம்புக்கு ஏன்டா கால் இல்ல?”

“ஊர்ந்து ஊர்ந்து தேஞ்சு போச்சும்மா.”

அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். “அவன் சொல்றதைச் சொல்லட்டும். நீ திருத்தக் கூடாது” என்று அம்மா அவளை அதட்டுவாள். பள்ளிக்கூடமே மக்கு என்று கூப்பிட்டாலும் அம்மா தன்னை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று அப்போது அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இன்று மேடையிலிருந்து ‘அதோ என் பையன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகத்தான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

அம்மா பேசி முடித்ததும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “மேடம், நீங்க பேச்சுல சொன்ன அந்தக் குழந்தைக்குப் புரிஞ்சதுக்குக் குளக்கரைதான் காரணம்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க? வீட்டுச் சூழ்நிலையே அப்படி இருந்திருக்கலாம் இல்ல?”

அம்மாவின் முகம் மலர்ந்தது. “அதுக்குப் பதில் இங்க முன்வரிசையிலயே உட்கார்ந்திருக்கு. எழுந்திரிங்க ரெண்டு பேரும்.”

அவன் துள்ளி எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அரங்கத்துக்கு ஒரு கும்பிடும் போட்டான்.

“என் பிள்ளைங்க. ரெட்டை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே ஸ்கூல். ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்தேன். இன்னொருத்தருக்கு மூணு வருஷம் எதையும் சொல்லிக் குடுக்கல, தப்பாச் சொன்னாலும் திருத்தல. அப்படி ஒப்பிட்டுக் காட்டினதாலதான் இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு மரியாதை.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவனுடைய கும்பிட்ட கை அப்படியே நின்றது.

“உனக்கு இது தெரியுமா?” என்று அக்காவைக் கேட்டான்.

“காலேஜ்லயே படிச்சிட்டேன்டா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.” அவள் தரையைப் பார்த்தாள்.

பெற்றவளும் கூடப்பிறந்தவளும் சேர்ந்து கழுத்தறுத்திருக்கிறார்கள். அப்போதும் பாழாய்ப்போன மனசு அம்மாவுக்காகத்தான் வக்காலத்து வாங்கியது. தான் மக்கு என்று தெரிந்துதானே விட்டிருப்பாள்? மக்கை மக்கு என்று கண்டுபிடித்தது ஒரு குற்றமா?

அவன் மாணவியின் கையிலிருந்த மைக்கை வாங்கினான். இந்த ஒன்றையாவது அம்மா வாயால் கேட்டுவிட்டால், மீதியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

“எங்க ரெண்டு பேர்ல யாரை விடறதுன்னு எப்படிம்மா முடிவு பண்ணீங்க?”

அன்றைக்கு வந்த கேள்விகளிலேயே அதுதான் சிறந்தது என்பதுபோல அம்மா அவனைப் பெருமையோடு பார்த்தாள்.

“ஓரவஞ்சனையே இல்லடா. பூவா தலையா போட்டேன்.”