எட்டு நாள் அருவி

ஆண்டுதோறும் ஆடி பிறந்ததும் கலியபெருமாள் குற்றாலத்துக்குப் புறப்பட்டுவிடுவார். தனியாகத்தான் போவார். எட்டு நாள் கழித்துத் திரும்பி வருவார்.

மற்ற நாளெல்லாம் அவருடைய கோபம் உப்பளம் பேட்டையில் அவர் குடியிருந்த தெருவுக்கே பழக்கம். சோறு குழைந்தால் தட்டு பறக்கும். செருப்பு இடம் மாறியிருந்தால் வீடு அதிரும்.

மேரி என்று ஊரார் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் அவர் எழுத்தர். பிரெஞ்சுக்காரர்கள் போன பின் கோப்புகள் இங்கிலீஷுக்கு மாறிவிட்டன. அவருக்குத் தெரிந்ததோ பிரெஞ்சு. தம்மைவிட மிகவும் இளைய மேலதிகாரியின் எதிரில் பகலெல்லாம் விழுங்கியதை மாலையில் வீட்டுக்கு வந்து கக்குவார்.

அருவி ஒன்றுதான் அவரை அடக்கும். எண்ணெய் வழியும் தலையைப் பேரருவிக்குக் கொடுத்து நின்றால், தண்ணீர் அறைகிற அறையில் யார்மேல் கோபம் என்பதே மறந்துபோகும். அந்த இரைச்சலில் தம் குரல் தமக்கே கேட்காது. அதைவிடப் பெரிய நிம்மதியை அவர் அறிந்ததில்லை.

அந்தக் குளிர்ச்சியோடு அவர் வீடு திரும்பும்போது மனைவி ராஜாம்பாளின் முகமும் பிள்ளைகளின் முகமும் தெளிந்திருக்கும். தம்மேல் பட்ட சாரல் அவர்கள்மேலும் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

இந்த ஆண்டு புறப்பாடே சரியில்லை. புளிச்சோற்றுப் பொட்டலத்திலிருந்து எண்ணெய் கசிந்து சலவைச் சட்டையில் இறங்கிவிட்டது. பொட்டலம் கட்டியவள் மகள் வரலட்சுமி. கன்னத்தில் ஓர் அறை விட்டார். அவள் அழவில்லை. அழாமல் நின்றாளே என்று அதற்கும் ஒரு கோபம்.

ரயிலடி வரை போன பிறகுதான் மடியில் பொடி டப்பா இல்லை என்பது தெரிந்தது. வண்டி கிளம்ப நேரம் இருந்தது. டப்பாவை எடுத்துவைக்காத மனைவியை மனத்துக்குள் ஏசியபடி விடுவிடென்று திரும்பினார். குறுக்கு வழி கொல்லைப்புறமாக வரும்.

கொல்லைப் படலில் கைவைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. யாருடைய குரல் என்று அவருக்கு முதலில் பிடிபடவில்லை.

ராஜாம்பாள்.

துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்று குடத்துத் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டிக்கொண்டிருந்தாள். கீழே பிள்ளைகள் இருவரும் "குத்தாலம், குத்தாலம்" என்று குதித்தார்கள்.

சின்னவன் பாலகுரு கரியால் மீசை வரைந்திருந்தான். அது கரைந்து மோவாயில் ஒழுகியது. இடுப்பில் கைவைத்து, தொண்டையைக் கனைத்து, அப்பாவைப்போல உறுமினான்.

"யாருடி அது தண்ணிய வீணாக்குறது? மேரிக்குப் போற மனுசன் நானு, தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. ரயிலு போயிடப் போவுது, மொதல்ல கெளம்புங்க" என்றாள் ராஜாம்பாள். மறுபடியும் அதே சிரிப்பு.

கலியபெருமாளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. சம்பாதித்துப் போடுகிறவனைப் பெற்ற பிள்ளையை விட்டே கேலி செய்யவைக்கிறாள். இந்தப் படலைப் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே போய் அந்தக் குடத்தைக் காலால் உதைத்தால் அப்போது தெரியும், யார் சிரிக்கிறார்கள் என்று. படலின் கழியைக் கை இறுக்கியது. மூச்சு சீறியது.

அப்போது வரலட்சுமி வாய் திறந்தாள். அவளுடைய ஒரு கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"யம்மா, அந்த அருவி அப்பாவ ஒரு மாசம் வச்சிக்காதா?"

சிரிப்பு நின்றது.

"நமக்குக் குடுத்துவச்சது எட்டு நாளுதாண்டி" என்று சொல்லிவிட்டு, ராஜாம்பாள் அடுத்த குடத்துக்குக் குனிந்தாள்.

புலி வேட்டைக்குப் போன பிறகுதான் மான்கள் ஓடைக்கு வரும் என்று கதைகளில் உண்டு. பாதி வழியில் திரும்பிவந்த புலியைப் பற்றி எந்தக் கதையும் சொன்னதில்லை.

ஆண்டுதோறும் அந்த முகங்களைத் தெளியவைத்தது குற்றாலத்துச் சாரல் இல்லை.

கோபம் இன்னும் இறங்கவில்லை. அதை யார்மேல் கொட்டுவது என்று தேடினால், படலுக்கு இந்தப் பக்கம் ஒரே ஓர் ஆள்தான் நின்றிருந்தார்.

ரயிலடிப் பக்கம் வண்டி ஊதியது. இப்போது ஓடினாலும் பிடித்துவிடலாம்.

கலியபெருமாள் படலைத் திறந்தார்.

பாலகுரு அக்காவின் பின்னால் ஒளிந்து புறங்கையால் மீசையைத் தேய்த்தான். ராஜாம்பாளின் கையில் குடம் அந்தரத்தில் நின்றது. வரலட்சுமி மட்டும் நகரவில்லை. அடுத்த அறைக்கு ஆயத்தமாகக் கன்னத்தைச் சற்றே திருப்பிக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் அவர் கல்லருகே போனார்.

பையை இறக்கிவைத்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல், கல்லின் அடியில், சேற்றில் உட்கார்ந்து தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"காலையில ஒன்ன அடிச்சது தப்பும்மா" என்றார். "என் தலையிலயும் ஊத்து."

வரலட்சுமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா குடத்தை மகளிடம் கொடுத்துவிட்டுக் கல்லைவிட்டு இறங்கினாள்.

பெண் மேலே ஏறினாள். பிறகு மொத்தக் குடத்தையும் ஒரே மூச்சில் கவிழ்த்தாள்.

தண்ணீர் ஓய்ந்தபின்னும் அவர் நிமிரவில்லை. எண்ணெய்க் கறை படிந்த சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"யக்கா," பாலகுரு மிக மெல்லக் கேட்டான், "இன்னும் ஒண்ணு?"

கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது.